பெல்ஜியம்: ஐந்து நாள், ஆறு ஊர், ஒரு பழைய கணக்கு

பெல்ஜியம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சாக்லேட், வாஃபிள், டின்டின் காமிக்ஸ்... செய்தித்தாள் படிக்கிற பழக்கம் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம். இந்தப் பயணத்துக்கு முன்பு எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

நான் படிப்பது ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஆகன் நகரில். இங்கிருந்து பெல்ஜிய எல்லை கூப்பிடு தூரம். அப்படியிருந்தும் ஒன்றரை வருடமாகப் போகவில்லை. (பக்கத்துத் தெருக் கோயிலுக்கு நாம் எப்போது போயிருக்கிறோம்!) இந்த முறை ஐந்து நாள் விடுமுறை கிடைத்ததும் நானும் என் அறை நண்பனும் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

நாடு சின்னது. பரப்பு சுமார் 30,500 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை 1 கோடி 18 லட்சத்தை ஒட்டி இருக்கும். காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் நாட்டைக் குறுக்கே கடந்துவிடலாம். தனி நாடாகப் பிறந்ததும் சமீபத்தில்தான். 1830 ஆகஸ்டில் பிரஸ்ஸல்ஸ் அரங்கு ஒன்றில் இசை நாடகம் பார்த்துக் கொதித்துப்போன கூட்டம் வீதியில் இறங்கியது. அந்தக் கலகம் வளர்ந்து, நெதர்லாந்து அரசரின் ஆட்சியிலிருந்து பெல்ஜியம் பிரிந்தது. வடக்கே டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸ், தெற்கே பிரெஞ்சு பேசும் வலோனியா, கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் ஜெர்மன், நடுவில் இருமொழி பிரஸ்ஸல்ஸ். நாட்டுக்கு 200 வயதுகூட ஆகவில்லை. ஊர்களுக்கோ ஆயிரம் வயது. அதனால் பெல்ஜிய வரலாற்றை ஊர் ஊராகத்தான் படிக்க வேண்டும்.

முதல் நாள் புரூஜ் நகரின் சந்தைச் சதுக்கத்தில் நின்றபோது நண்பன் சொன்னான்: "எப்படி வெச்சிருக்கானுங்க பாருடா! எத்தனை நூறு வருஷத்து ஊரு, ஒரு செங்கல் கலையல. நம்மாளுங்களுக்கு இந்த அருமை தெரியவே மாட்டேங்குது."

வெளிநாடு வந்த நம்மில் யார்தான் இந்த வசனத்தைச் சொல்லாமல் இருந்திருக்கிறோம்? நானும் தலையாட்டினேன். அடுத்த ஐந்து நாளில் அந்தத் தலையாட்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

புரூஜ்: ஏழ்மை காப்பாற்றிய ஊர்

புரூஜ் கடலோரத்தில் இல்லை. ஆனால் 1134-இல் அடித்த ஒரு பெரும் புயலில் கடல் உள்ளே புகுந்து ஸ்வின் என்ற கால்வாயை வெட்டிக் கொடுத்துவிட்டது. அந்தத் தண்ணீர் வழியாகத்தான் ஊருக்குச் செல்வம் வந்தது. இங்கிலாந்திலிருந்து ஆட்டு ரோமம் வரும், இங்கே துணியாகும், ஐரோப்பா முழுக்கப் போகும். இத்தாலி வணிகர்களும் ஜெர்மானிய வணிகர்களும் இங்கேயே கிடங்கு போட்டுத் தங்கினார்கள். வான் டெர் பியூர்ஸ் என்ற குடும்பம் ஒரு சத்திரம் நடத்தியது. அதன் வாசலில் கூடித்தான் வணிகர்கள் பேரம் பேசுவார்கள். இன்றைக்கும் பங்குச்சந்தைக்கு பிரெஞ்சில் 'பூர்ஸ்', ஜெர்மனில் 'பெர்ஸ' என்று பெயர். எல்லாம் அந்தச் சத்திரக்காரர் பெயர்தான்!

83 மீட்டர் உயர மணிக்கூண்டில் 366 படி ஏறினோம். (இருநூறாவது படியில் வரலாற்று ஆர்வம் போய்விட்டது.) மேலே இருந்து பார்த்தால் சிவப்பு ஓட்டுக்கூரைகள், நடுவே கால்வாய்கள், தூரத்தில் வயல்கள். கடல் எங்கே?

அதுதான் கதை. கடல் கொடுத்ததைக் கடலே எடுத்துக்கொண்டது. ஸ்வின் மெல்ல மெல்ல மண் தூர்ந்துபோனது. பெரிய கப்பல்கள் வர முடியவில்லை. அரசியலும் சேர்ந்துகொண்டது. 1488-இல் வரித் தகராறில் புரூஜ் மக்கள் தங்கள் ஆட்சியாளரான மாக்ஸிமிலியனையே பிடித்து, இதே சதுக்கத்தில் ஒரு வீட்டில் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்தவர் அதை மறக்கவில்லை. வெளிநாட்டு வணிகர்களை ஆண்ட்வெர்ப் நகருக்குப் போகச் சொன்னார். அவர்களும் போனார்கள்.

அதற்குப் பிறகு முந்நூறு, நானூறு வருடம் புரூஜ் தூங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் மற்ற ஊர்களில் ஆலைகள் எழுந்தபோது இங்கே பணம் போட ஆள் இல்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டு லேஸ் பின்னி, சொற்பக் கூலிக்கு வயிறு வளர்த்தார்கள். பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டப் பணம் வேண்டும் அல்லவா? இல்லாததால் வீடுகள் நின்றன. 1892-இல் ரோடன்பாக் என்பவர் எழுதிய ஒரு நாவலின் பெயரே 'இறந்துபோன புரூஜ்'. அந்த நாவலைப் படித்தவர்கள் ஊரைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். அப்போதுதான் ஊருக்கே தன் பழமைக்கு விலை இருப்பது உறைத்தது.

இன்னொரு விஷயம். சதுக்கத்தில் எல்லோரும் முதுகு காட்டிப் படம் எடுத்துக்கொள்கிற, கோபுரங்களோடு கூடிய பெரிய மாளிகை இருக்கிறதே, அது இடைக்காலத்தது அல்ல. 1887-இல் கட்டத் தொடங்கிய மாகாண அரசு மாளிகை. பழைய பாணியில் கட்டிய புதுக் கட்டடம். நண்பனிடம் சொன்னேன். "அப்போ செங்கல் கலைஞ்சிருக்கு" என்றான்.

கென்ட்: கழுத்தில் சுருக்குக் கயிறு

இரண்டாம் நாள் கென்ட். புரூஜிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. இடைக்காலத்தில் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே பாரிஸுக்கு அடுத்தபடி பெரிய ஊர்களில் ஒன்றாக இருந்தது. இங்கேயும் துணிதான் தொழில். ஆனால் இந்த ஊர் நெசவாளிகளுக்கு வாய் அதிகம்.

1500-இல் இந்த ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் சார்ல்ஸ். வளர்ந்து ஸ்பெயின், ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கக் குடியேற்றங்கள் என்று பாதி உலகத்தை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் ஆனார். நம்ம ஊர்ப் பிள்ளை சக்கரவர்த்தி ஆனால் ஊர் என்ன செய்யும்? தலையில் வைத்துக் கொண்டாடும். கென்ட் அப்படியில்லை. 1537-இல் அவருடைய போருக்காகக் கேட்ட வரியைத் தர மாட்டோம் என்றது. 1540-இல் பேரரசர் படையோடு சொந்த ஊருக்கு வந்தார். தலைவர்கள் சிலரைக் கொன்றார். ஊரின் உரிமைப் பட்டயங்களை ரத்து செய்தார். பழைய மடாலயம் ஒன்றை இடித்துவிட்டு அந்த இடத்தில் படைக்கோட்டை கட்டினார். கடைசியாக ஊர்ப் பெரியவர்களையும் தொழிலாளர்களையும் வெறுங்காலோடு, கழுத்தில் தூக்குக் கயிற்றை மாட்டிக்கொண்டு நடந்து வந்து, தன் முன் மண்டியிட வைத்தார்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். கென்ட் மக்கள் இந்த அவமானத்தை மறைக்கவில்லை. இன்றைக்கும் தங்களைச் 'சுருக்குக் கயிறு அணிந்தவர்கள்' என்றுதான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கும் ஊர்த் திருவிழாவில் கழுத்தில் கயிற்றோடு ஊர்வலம் போகிறார்கள். சார்ல்ஸ் பிறந்த அரண்மனை இருந்த பகுதியில் நிற்கிற சிலைகளில் ஒன்று, கயிறு மாட்டிய ஒரு சாதாரண மனிதனுடையது.

ஊர் நடுவே கிராவன்ஸ்டீன் என்ற கல்கோட்டை இருக்கிறது. 1180-இல் ஃபிளாண்டர்ஸ் பிரபு கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் சினிமாக் கோட்டை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் இதற்குள் இருந்தது பருத்தி ஆலை! லீவன் பாவன்ஸ் என்ற கென்ட் வணிகர், 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இங்கிலாந்து யாருக்கும் தராமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த நூற்பு இயந்திரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கடத்திக்கொண்டு வந்தார். இங்கிலாந்தில் அவருக்கு மரண தண்டனையே விதித்தார்கள் (ஆள்தான் அகப்படவில்லை). அந்த இயந்திரத்தால் கென்ட் மறுபடியும் ஆலை நகரமானது. ஆலைகளில் வேலை செய்தவர்களில் குழந்தைகளும் உண்டு. 12 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று பெல்ஜியம் சட்டம் போட்டது 1889-இல்தான். கடத்திய பாவன்ஸுக்கு ஊரில் சிலை இருக்கிறது.

ஆலைத் தொழிலாளர்களும் சும்மா இருக்கவில்லை. 1880-களில் 'ஃபோர்அவுட்' (முன்னே என்று பொருள்) என்ற பெயரில் கூட்டுறவு சங்கம் தொடங்கி, முதல் வேலையாக ரொட்டி சுட்டு மலிவாக விற்றார்கள். சங்கம் வளர்ந்து 1914-க்குள் ஒரு மாளிகையே கட்டியது. நாடக அரங்கு, கூட்ட மண்டபம், உணவகம் எல்லாம் உள்ளே. கோட்டையைப் பார்க்க வரிசையில் நின்ற கூட்டத்தில் பாதிகூட அங்கே இல்லை. எனக்கு அந்தக் கட்டடம்தான் கென்ட்.

ஆண்ட்வெர்ப்: மூடிய ஆறும் வெட்டிய கையும்

மூன்றாம் நாள் ஆண்ட்வெர்ப். புரூஜ் இழந்ததெல்லாம் இந்த ஊருக்கு வந்தது. 1501-இல் போர்ச்சுகல் கப்பல் மிளகோடு வந்து நின்றது. அந்த மிளகு எங்கிருந்து வந்தது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை: மலபார் கரை. மிளகும் துணியும் வெள்ளியும் கைமாறி, 1560-களில் ஊரில் ஒரு லட்சம் பேர் வாழ்ந்தார்கள். பிளாண்டின் என்பவர் இங்கே நடத்திய அச்சுக்கூடம் அன்றைய ஐரோப்பாவிலேயே பெரிய அச்சுக்கூடங்களில் ஒன்று. வீட்டோடு சேர்த்து அதை அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உலகில் இன்று மிஞ்சியிருக்கும் அச்சுப்பொறிகளிலேயே மிகப் பழையவை இரண்டு அங்கே இருக்கின்றன. சுமார் 1600-இல் செய்தவை.

பிறகு வந்தது மதப்போர். 1576 நவம்பரில், சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் படை வீரர்கள் ஊருக்குள் புகுந்து கொள்ளையடித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். புதிதாகக் கட்டிய நகர மன்றம் எரிந்தது. 1585 ஆகஸ்டில், ஓராண்டுக்கு மேல் நீடித்த முற்றுகைக்குப் பிறகு ஊர் ஸ்பெயினிடம் விழுந்தது. புராட்டஸ்டண்ட் மக்கள் மதம் மாற வேண்டும், இல்லையென்றால் நான்கு வருடத்துக்குள் ஊரைக் காலி செய்ய வேண்டும். பாதிக்கு மேல் கிளம்பிவிட்டார்கள். வணிகர், அச்சுக்காரர், ஓவியர், வைரம் பட்டை தீட்டுபவர் என்று பலரும் வடக்கே போனார்கள். ஆம்ஸ்டர்டாமின் பொற்காலம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதில் ஒரு நல்ல பங்கு இந்த அகதிகள் தலையில் சுமந்துபோன சரக்கு.

இன்னொரு அடியும் விழுந்தது. ஷெல்ட் ஆறு கடலில் சேருகிற வாய்ப்பகுதி டச்சுக்காரர்கள் கையில். அவர்கள் ஆண்ட்வெர்ப் போகும் கப்பல்களை மறித்தார்கள். 1648-ஆம் ஆண்டு உடன்படிக்கை இதைச் சட்டமாகவே ஆக்கியது. ஊர் நடுவே ஆறு ஓடுகிறது, ஆனால் கடல் கப்பல் வரக் கூடாது! பிரெஞ்சுப் படைகள் 1790-களில் வந்த பிறகுதான் அந்தப் பூட்டு உடைந்தது. பெல்ஜியம் பிறந்த பிறகும் டச்சுக்காரர்கள் சுங்கம் வாங்கினார்கள். 1863-இல் ஒரே தவணையாகப் பெருந்தொகை கொடுத்துத்தான் அதை ஒழித்தார்கள்.

துறைமுகம் மறுபடி பெருத்தது. 2022-இல் கடலோர ஸேப்ரூஜ் துறைமுகமும் ஆண்ட்வெர்ப் துறைமுகமும் ஒரே நிர்வாகத்தில் இணைந்தன. பெயர் 'ஆண்ட்வெர்ப்-புரூஜ் துறைமுகம்'. ஐந்நூறு வருடப் பங்காளிச் சண்டை அப்படி முடிந்தது.

நகர மன்றத்தின் முன்னால் ஒரு சிலை இருக்கிறது. ஆற்றைக் கடக்கும் படகோட்டிகளிடம் வரி கேட்டு, தராதவர்களின் கையை வெட்டுவானாம் ஒரு ராட்சதன். பிராபோ என்ற வீரன் அந்த ராட்சதனின் கையை வெட்டி ஆற்றில் எறிந்தானாம். 'கை எறிந்த ஊர்' என்பதிலிருந்து ஆண்ட்வெர்ப் என்ற பெயர் வந்ததாகக் கதை. (மொழியியல் அறிஞர்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஊர்ப் பெயர்க் கதைகள் எங்கேயும் இப்படித்தான்.) கடைகளில் கை வடிவத்தில் பிஸ்கட்டும் சாக்லேட்டும் விற்கிறார்கள். நண்பன் ஒரு டப்பா வாங்கினான்.

அன்று மாலை துறைமுகப் பக்கம் நடந்தபோது நான் அவனுக்கு மோரல் கதையைச் சொன்னேன். எட்மண்ட் மோரல், லிவர்பூல் கப்பல் நிறுவனம் ஒன்றின் குமாஸ்தா. 1890-களின் கடைசியில் வேலை விஷயமாக அடிக்கடி இந்த ஆண்ட்வெர்ப் துறைக்கு வருவார். காங்கோவிலிருந்து வரும் கப்பல்களின் கணக்கு அவரிடம். வரும்போது கப்பல் நிறைய ரப்பர், யானைத் தந்தம். போகும்போது? துப்பாக்கி, தோட்டா, படை அதிகாரிகள். சரக்குக்கு விலையாக எதுவும் போகவில்லை. வியாபாரம் என்றால் ஒன்று கொடுத்து ஒன்று வாங்க வேண்டும். இங்கே வாங்குவது மட்டும்தான் நடக்கிறது. அப்படியென்றால் அங்கே கூலி இல்லாமல், துப்பாக்கி முனையில் வேலை வாங்குகிறார்கள். கப்பலேறி ஆப்பிரிக்கா போகாமலே, துறைமுகக் கணக்குப் புத்தகத்திலிருந்து ஒருவர் கண்டுபிடித்த கொடுமை இது.

அந்தக் காங்கோ பெல்ஜிய அரசாங்கத்துக்குச் சொந்தமில்லை. 1885 முதல் 1908 வரை அது இரண்டாம் லியோபோல்டு அரசரின் தனிச் சொத்து. பெல்ஜியத்தைப் போல எழுபது மடங்குக்கும் மேல் பெரிய நிலம். அவர் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. 1888-இல் டன்லப் காற்று டயரைக் கண்டுபிடித்த பிறகு உலகம் ரப்பருக்கு அலைந்தது. ஊருக்கு இவ்வளவு ரப்பர் என்று கட்டாய அளவு. தராத ஊர் மேல் படை பாயும். செலவழித்த தோட்டாவுக்குக் கணக்காக வெட்டிய கைகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். 1904-இல் ஆலிஸ் ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண் எடுத்த புகைப்படம் ஒன்றில், ஒரு தந்தை தன் சின்ன மகளின் வெட்டப்பட்ட கையையும் காலையும் பார்த்தபடி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் ந்சாலா. கொலை, பசி, நோய் எல்லாம் சேர்ந்து செத்தவர்களின் கணக்கில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். ஒரு கோடி என்று சொல்பவர்களும் உண்டு.

கை பிஸ்கட் டப்பாவை நண்பன் பிரிக்கவில்லை. பிஸ்கட்டுக்கும் காங்கோவுக்கும் சம்பந்தம் கிடையாது என்று நான்தான் சொன்னேன். "தெரியும்டா. அப்புறம் சாப்பிடலாம்" என்றான்.

பிரஸ்ஸல்ஸ்: வளைவின் கீழே

நான்காம் நாள் தலைநகரம். கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தைப் பற்றி எல்லாப் பயணக் கையேடுகளும் சொல்லும். தங்க வேலைப்பாடு மின்னுகிற தொழிற்குழு வீடுகள், 96 மீட்டர் கோபுரத்தோடு நகர மன்றம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1695 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி வில்லர்வா மூன்று நாள் பீரங்கியால் சுட்டதில் ஊரில் சுமார் 4,000 கட்டடங்கள் நாசமாயின. நகர மன்றத்தைக் குறிவைத்துத்தான் சுட்டார்கள். வேடிக்கை, கோபுரம் நின்றது, சுற்றிலும் எல்லாம் விழுந்தது! நாம் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு ஐந்தாறு வருடத்துக்குள் தொழிற்குழுக்கள் போட்டி போட்டுக் கட்டியவை. ஆக இதுவும் 'காப்பாற்றிய' ஊர் அல்ல. அடி வாங்கி எழுந்த ஊர்.

ஊரின் கிழக்கே சாங்காந்தனேர் பூங்காவில் பிரமாண்டமான மூன்று வளைவுகள் நிற்கின்றன, உச்சியில் நான்கு குதிரை பூட்டிய தேரோடு. நாட்டின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்காக 1880-இல் திட்டமிட்டது. பணம் இல்லாமல் வருடக்கணக்கில் இழுத்தது. 1905-இல் திடீரென்று முடிந்தது. பணம் எங்கிருந்து வந்தது? லியோபோல்டின் காங்கோ வருமானம்; வெளியில் தெரிந்தது வேறு பெயர்கள். இந்த வளைவை மக்கள் ஒருநாள் வெட்டிய கைகளின் வளைவு என்று சொல்வார்கள் என அந்தக் காலத்திலேயே வாண்டர்வெல்டு என்ற சோஷலிசத் தலைவர் எச்சரித்தார். 1908-இல் காங்கோவை நாட்டிடம் ஒப்படைக்கும் முன்பு அரசர் செய்த வேலை, காங்கோ ஆவணங்களை எரித்தது. எட்டு நாள் எரிந்ததாம்.

அங்கிருந்து 44-ஆம் எண் டிராமில் காட்டு வழியாகத் டெர்வூரன் போனோம். 1897-இல் இங்கே ஒரு கண்காட்சி. 267 காங்கோ மக்களைக் கப்பலில் கொண்டுவந்து, குளக்கரையில் குடிசை போட்டு, வேலிக்குள் 'கிராமம்' அமைத்துக் காட்டினார்கள். பெருங்கூட்டம் பார்க்க வந்தது. குளிரிலும் நோயிலும் ஏழு பேர் செத்தார்கள். தேவாலயத்தின் பக்கச் சுவரை ஒட்டி அவர்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன: எக்கியா, கெம்பா, கிட்டுக்வா, இம்பெய்யா, ஸாவோ, சம்பா, மிபாங்கே. தாய்நாட்டிலிருந்து பல்லாயிரம் மைல் தள்ளி, இன்னொருவர் வேடிக்கை பார்க்கச் செத்த ஏழு பேர். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்தக் கண்காட்சியின் வழித்தோன்றல்தான் 1910-இல் திறந்த ஆப்பிரிக்க அருங்காட்சியகம். ஐந்து வருடம் மூடி, திருத்தி, 2018-இல் மறுபடி திறந்தார்கள். ஒரு கூடத்துச் சுவரில், காங்கோவில் இறந்த 1,508 பெல்ஜியர்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. இறந்த காங்கோ மக்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. சுவரை இடிக்க முடியாது, அது பாதுகாக்கப்பட்ட கட்டடம். அதனால் ஃபிரெடி சிம்பா என்ற காங்கோ கலைஞர் எதிரே இருக்கும் கண்ணாடியில் அந்த ஏழு பேரின் பெயர்களையும் எழுதினார். வெயில் அடிக்கும்போது ஏழு பெயர்களின் நிழல் 1,508 பெயர்களின் மேல் விழும்.

பெல்ஜியம் இந்தக் கணக்கை இன்னும் முடிக்கவில்லை. 2020-இல் அரசர் ஃபிலிப் காங்கோ அதிபருக்கு எழுதிய கடிதத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். காங்கோவின் முதல் பிரதமர் பட்ரிஸ் லுமும்பா 1961-இல் கொல்லப்பட்டு, உடல் அமிலத்தில் கரைக்கப்பட்டது. அதில் ஈடுபட்ட பெல்ஜியப் போலீஸ்காரர் எடுத்து வைத்திருந்த ஒரு பல்தான் மிச்சம். அந்தப் பல்லை 2022 ஜூனில் குடும்பத்திடம் ஒப்படைத்தார்கள். அதே வருடக் கடைசியில், மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று விவாதித்த நாடாளுமன்றக் குழு உடன்பாடு இல்லாமலே கலைந்தது.

ஷார்லெருவா: யாரும் போகாத ஊர்

ஐந்தாம் நாள் காலை ஷார்லெருவா போகலாம் என்றதும் விடுதியில் இருந்தவர் "அங்கே எதற்கு?" என்று கேட்டார். நிலக்கரி ஊர். சுற்றிலும் சிறு குன்றுகள், பச்சைப் பசேல் என்று. இயற்கைக் குன்று என்று நினைத்துவிடாதீர்கள். சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய கழிவு மேடு. மேலே மரம் முளைத்துவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுரங்கத்தில் இறங்க உள்ளூர் ஆட்கள் தயாராக இல்லை. 1946-இல் இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டார்கள்: நீங்கள் 50,000 தொழிலாளர்களை அனுப்புங்கள், நாங்கள் நிலக்கரி தருகிறோம். ஆளுக்குக் கரி! 1956 ஆகஸ்ட் 8 காலை, மார்சினேல் பகுதியின் புவா டு கசியே சுரங்கத்தில், சுமார் 975 மீட்டர் ஆழத்தில், கூண்டில் சரியாக ஏறாத ஒரு கரிவண்டி எண்ணெய்க் குழாயையும் மின்கம்பியையும் அறுத்தது. தீ. 262 பேர் செத்தார்கள். 12 நாட்டுக்காரர்கள், அதில் 136 பேர் இத்தாலியர்கள். சுரங்கத்தின் வாசல் கம்பிக் கதவு இன்றும் இருக்கிறது. அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மனைவிகளும் பிள்ளைகளும் நாட்கணக்கில் நின்றார்கள். 2012-இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. புரூஜ் இருக்கும் அதே பட்டியல்.

லூவன்: இரண்டு முறை எரிந்த நூலகம்

திரும்பும் வழியில் லூவன். 1425-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். மாணவர்களாகிய நமக்கு இது கோயில் மாதிரி. 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை ஊரைக் கொளுத்தியபோது நூலகம் எரிந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் நன்கொடை திரட்டிக் கொடுத்தார்கள். 1928-இல் புது நூலகம் திறந்தது. சுவரில் அருகில் போய்ப் பாருங்கள், கற்களில் பெயர்கள் இருக்கும். காசு சேர்த்துக் கொடுத்த அமெரிக்கப் பள்ளிகள், கல்லூரிகளின் பெயர்கள். 1940 மே மாதம் அதுவும் எரிந்தது. சுமார் ஒன்பது லட்சம் நூல்கள். மறுபடி கட்டினார்கள்.

அந்நியன் எரித்தது போதாதென்று மொழிச் சண்டை வந்தது. 1968-இல், டச்சு மண்ணில் பிரெஞ்சு வகுப்புகள் கூடாது என்று போராட்டம், அரசாங்கமே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டானது. நூல்களை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? அலமாரி எண் ஒற்றைப்படை என்றால் ஒருவருக்கு, இரட்டைப்படை என்றால் இன்னொருவருக்கு! நெருப்பில் தப்பிய பல தொகுதி நூல் வரிசைகள் இப்படித் துண்டாயின.

இதன் மிச்சத்தை நாங்களும் அனுபவித்தோம். ரயில் நிலையத்தில் லியேஜ் போகும் வண்டியைத் தேடித் தேடிக் களைத்தோம். பலகையில் அப்படி ஓர் ஊரே இல்லை. வண்டி போன பிறகுதான் தெரிந்தது: டச்சில் அந்த ஊருக்கு வேறு பெயர். பலகையில் 'லூயிக்' என்று கூட்டிப் படித்த ஊர்தான் லியேஜ்!

அடுத்த வண்டிக்குக் காத்திருந்தபோது நண்பன் ஆண்ட்வெர்ப் டப்பாவைப் பிரித்தான். பசி. ஆளுக்கு இரண்டு கை. "முதல் நாள் நான் சொன்னது தப்புடா" என்றான்.

முழுத் தப்பு என்று நான் நினைக்கவில்லை. இவர்கள் காப்பாற்றுகிறார்கள் என்பது உண்மை. எரிந்த நூலகத்தை இரண்டு முறை கட்டிய ஊரை மதிக்காமல் எப்படி? ஆனால் 'அவர்களுக்கு அருமை தெரியும், நமக்குத் தெரியாது' என்று ஒரு வரியில் முடிக்க முடியாது. புரூஜ் அழகாக இருப்பது லேஸ் பின்னிய பெண்களின் வறுமையால். பிரஸ்ஸல்ஸ் வளைவு உயரமாக இருப்பது எங்கோ ஒரு காட்டில் ரப்பர் பால் எடுத்தவனால். குளிர்காலத்தில் வீடுகள் கதகதப்பாக இருந்தது கலாப்ரியாவிலிருந்து வந்து மண்ணுக்குள் இறங்கியவனால். அழகான ஊரைப் பார்க்கும்போது 'எப்படி வைத்திருக்கிறார்கள்' என்று கேட்பதோடு 'யார் கொடுத்தது' என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குத் தாழ்வு மனப்பான்மையும் தேவையில்லை, கோபமும் தேவையில்லை. கணக்குப் புத்தகத்தைப் பொறுமையாகப் பார்த்த மோரலின் கண் இருந்தால் போதும்.

நீங்கள் பெல்ஜியம் போனால் மணிக்கூண்டில் ஏறுங்கள், வாஃபிள் சாப்பிடுங்கள், எல்லாம் செய்யுங்கள். அப்படியே 44-ஆம் எண் டிராம் பிடித்துத் டெர்வூரன் தேவாலயம் வரைக்கும் போய்விட்டு வாருங்கள். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். அருங்காட்சியகச் சுவரில் அந்த ஏழு பெயர்களும் விழும்.